மூட்டையின் கடவாய்ப் பல்

முழங்கால் சில்லு மூன்று துண்டாக உடைந்து, அறுவை சிகிச்சை முடிந்து, மயக்கம் தெளிந்து கண் திறந்தவள் கேட்ட முதல் கேள்வி தன் காலைப் பற்றியதல்ல. "இன்னிக்கு என்ன கிழமை? புல்லு தீந்திருக்குமே!" என்றாள். மருந்து வேகத்தில் உளறுகிறாள் என்று நினைத்த நர்ஸ், அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள்.

அவள் உளறவில்லை. வீட்டில் மூன்று கினிப்பன்றிகள் இருந்தன.

இருபத்திரண்டு வருடமாக நகரப் பேருந்து ஓட்டுகிறவள் அவள். பணிமனையில் 'ரிவர்ஸ் அக்கா' என்றால்தான் தெரியும். எவ்வளவு குறுகலான சந்தாக இருந்தாலும், பின்னால் நின்று "வரட்டும், வரட்டும்" என்று வண்டியைத் தட்ட ஆள் இல்லாமலேயே, நீளமான பேருந்தை ஒரே மூச்சில் பின்னால் எடுத்து நிறுத்திவிடுவாள். அப்பேர்ப்பட்டவள் வண்டியில் அடிபடவில்லை. பணிமனைக் கழிப்பறை வாசலில் ஈரத் தரையில் வழுக்கி விழுந்தாள். அதை வெளியில் சொல்ல அவளுக்கு வெட்கம். கேட்கிறவர்களிடமெல்லாம் "வேலை நேரத்துல அடிபட்டுது" என்பதோடு நிறுத்திக்கொள்வாள்.

கினிப்பன்றிகளும் பேருந்தில் வந்து சேர்ந்தவைதான். நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு மதிய நடை முடிந்து வண்டியைக் கூட்டும்போது, கடைசி இருக்கைக்கு அடியில் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி ஒன்று கிடந்தது. உள்ளே கைக்கு அடக்கமாக மூன்று குட்டிகள். தொலைந்த பொருள் அறைக்காரர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "குடை, செருப்பு, சைக்கிள் எதுவா இருந்தாலும் எடுத்துக்கறேம்மா. மூச்சு விடறதை எடுக்க மாட்டேன்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். யாரும் தேடி வரவில்லை. பெட்டி அவள் வீட்டுக்கு வந்தது. குண்டாக இருந்ததற்கு மூட்டை என்று பெயர் வைத்தாள். நிறத்தால் ஒன்று சாம்பல். கொத்தமல்லி வாசனை பட்டதுமே கூரை பிய்ந்துபோகிற மாதிரி கத்துகிறது ஹாரன்.

இப்போது அவற்றைப் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள்? கணவர் கப்பலில் சமையல்காரர். வருடத்தில் எட்டு மாதம் கடலில். மிஞ்சியது தம்பிதான்.

தம்பி, அவள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு மாடியறையில் பல் செட் செய்கிறவன். நாற்பத்தெட்டு வயது, ஒற்றை ஆள். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் எடுத்த அச்சை அனுப்புவார்கள். இவன் மெழுகு வைத்து, பல் அடுக்கி, கடி பொருந்துகிறதா என்று சரிபார்த்து, மெருகேற்றித் திருப்பி அனுப்புவான். சொந்தக்காரர்கள் கூடினால் அவனைப் பற்றி ஒரே கேலிதான்: "டாக்டராகறேன்னு போனான், இப்ப டாக்டருக்கு வேலைக்காரன்." அவளும் அந்தச் சிரிப்பில் கலந்துகொண்டதுண்டு. ஊரார் வாயையெல்லாம் நிரப்புகிறவன் தன் வாயை மட்டும் திறக்கவே மாட்டான். மேசையில் ஒரு தூசி இருந்தால் வேலை ஓடாது. கினிப்பன்றிகளை அவன் ஒரு தடவைகூடத் தொட்டு அவள் பார்த்ததில்லை.

கட்டிலில் படுத்தபடியே அவனுக்கு இருபத்துமூன்று குரல் பதிவுகள் அனுப்பினாள். புல் எங்கே இருக்கிறது, எவ்வளவு வைக்க வேண்டும், குடமிளகாயை எப்படி நறுக்க வேண்டும், ஹாரனுக்கு எந்தக் காதுக்குப் பின்னால் சொறிந்தால் பிடிக்கும் என்று எல்லாம். பதில் வந்தது: "சரி." அன்றே மூன்றையும் கூண்டோடு தன் மாடியறைக்குத் தூக்கிப் போய்விட்டான்.

தினமும் மதியம் ஒரு மணிக்கு அவனைக் கூப்பிடுவாள்.

"சாப்பிட்டுதுங்களா?"

"ம்."

"மூணுமா?"

"ம்."

"குடமிளகாய் மறக்காதடா. விட்டமின் சி அதுங்க உடம்புல தானா ஊறாது. நம்மள மாதிரிதான்."

"குடுத்தேன்."

"புழுக்கை எப்படி இருக்கு?"

"இருக்கு."

"இருக்குன்னா என்னடா அர்த்தம்? உருண்டையா இருக்கா, நீளமா இருக்கா? ஈரமா, காஞ்சு கிடக்கா?"

பக்கத்துக் கட்டிலில் இடுப்பு எலும்பு முறிந்து கிடந்த கணக்கு டீச்சர், சாப்பாட்டுத் தட்டை மெல்ல மூடி ஓரமாகத் தள்ளி வைத்தாள்.

"பன்னியா வளக்கறீங்க?" என்று கேட்டாள்.

"பேருதான் பன்னி டீச்சர். இவ்வளவுதான் இருக்கும்." இரண்டு கையாலும் ஒரு தேங்காய் அளவு காட்டினாள். "உடம்புக்கு முடியலன்னா வெளியில காட்டிக்காதுங்க. ஒரு நாள் முழுக்க வயித்துக்கு ஒண்ணும் போகலன்னா குடலே நின்னுபோயிடும். அதான் அடிச்சுக்குது மனசு."

"உங்க தம்பி பாத்துக்கறார்ல?"

"பாத்துக்கறான். ஆனா என்ன பாத்தான்னு சொல்ல மாட்டேங்கறானே!"

இரண்டாவது வாரம் படம் அனுப்பச் சொன்னாள். வந்தது. சாம்பலும் ஹாரனும் முன்னால் நின்றன. மூட்டை முதுகைக் காட்டிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தது. மறுநாள் படத்திலும் முதுகுதான். அதற்கு மறுநாள் மூட்டையே இல்லை.

"மூட்டை எங்க?"

"இருக்கு."

அவள் உடனே தன் வண்டியில் கண்டக்டராக வரும் பெண்ணைக் கூப்பிட்டு, ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு தம்பியின் அறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னாள். கண்டக்டர் பெண் அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டாள். வந்தவள் நேராக விஷயத்துக்கு வராமல் போர்வையைச் சரி செய்தாள், தண்ணீர் ஊற்றி வைத்தாள்.

"சொல்லித் தொலைடி."

"அக்கா, மூட்டை இப்ப மூட்டையா இல்லக்கா. தோல் தொங்குது. மோவாய்க்கட்டையெல்லாம் ஈரம். உங்க தம்பி அதைத் தனிக் கூண்டுல வச்சு, ஊசி போடற குழாயில பச்சையா என்னத்தையோ வாயில ஏத்திட்டிருந்தாரு. என்னைப் பாத்ததும் துணியைப் போட்டு மூடிட்டாரு."

அதற்குமேல் அவளுக்குப் பொறுக்கவில்லை. ஃபோனை எடுத்து, வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாள். "உன்னை நம்பி ஒரு உயிரை ஒப்படைச்சேன் பாரு, என்னைச் சொல்லணும்! தினமும் 'ம்', 'ம்'னு சொல்லிக்கிட்டு என் தலையில மிளகா அரைச்சிருக்கியேடா! உருப்படியா ஒரு வேலை உனக்குத் தெரியுமா?"

"நாளைக்கு வரேன்க்கா" என்றான். வைத்துவிட்டான்.

மறுநாள் நான்கு மணிக்கு, பார்வையாளர் நேரம் தொடங்கிய உடனே வந்தான். மடிப்புக் கலையாத சட்டை, நகக்கண்ணில் மட்டும் வெள்ளை ப்ளாஸ்டர். கையில் ஒரு கட்டம் போட்ட நோட்டு. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நோட்டைத் திறந்து அவள் மடியில் வைத்தான்.

மூன்று பத்தியாக எண்கள். முதல் நாளிலிருந்து, காலையும் மாலையும், மூன்றின் எடையும் கிராம் கணக்கில் இருந்தது.

"முதல் நாளே எடை போட்டியா?"

"நீ வரும்போது குறைஞ்சிருந்தா என்னைத்தான் கேப்ப."

சாம்பலும் ஹாரனும் அப்படியே இருந்தன. மூட்டை ஆயிரத்து நூற்று நாற்பதில் தொடங்கி, ஏழாம் நாளிலிருந்து படிப்படியாக இறங்கி, தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றைந்தில் வந்து நின்றிருந்தது.

"எடை குறையறதுக்கு முன்னாலயே ஏதோ சரியில்லன்னு தெரிஞ்சுது" என்றான் தம்பி. அதற்குப் பிறகு அவன் பேசிய பேச்சு, அவள் நினைவு தெரிந்து அவன் ஒரே மூச்சில் பேசிய மிக நீளமான பேச்சு. "பசி இருக்குக்கா அதுக்கு. ஓடி வருது. இலையை வாயில வாங்குது. அப்புறம் கீழ போட்டுடுது. பசியில்லாதது ஓடியே வராதே? அப்புறம் மெல்லறதைப் பாத்தேன். மத்த ரெண்டும் தாடையை முன்னும் பின்னுமா இழுத்து அரைக்குதுங்க. இது அரைக்கல. மேலயும் கீழயும் சும்மா தட்டுது. பல் செட் சரியா உக்காரலன்னா ஆளுங்க அப்படித்தான் மெல்லுவாங்க. டாக்டருங்க என்னைக் கூப்பிட்டுக் காட்டுவாங்க. முப்பது வருஷமா அதைத்தானே பாத்துக்கிட்டிருக்கேன். நாக்கு எங்கயோ மாட்டுது. பின்பல் வளந்து உள்பக்கமா சாஞ்சிருக்கணும்."

"டாக்டர்கிட்ட காட்டினியா?"

"காட்டினேன். கால்நடை டாக்டரம்மா முன்பல்லைப் பாத்தாங்க, வயித்தை அழுத்திப் பாத்தாங்க. எல்லாம் நல்லாருக்கு, இடம் மாறின ஏக்கம்னு சொல்லி, சொட்டு மருந்து குடுத்து அனுப்பிட்டாங்க. அதுலேர்ந்து தீனியை ஊறவச்சு, கரைச்சு, குழாயில குடுக்கறேன். மூணு மணிக்கு ஒரு தடவை."

"மூணு மணிக்கு ஒரு தடவையா? வேலை?"

"நடுவுல நடுவுல."

அவன் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்ததை அவள் அப்போதுதான் பார்த்தாள்.

"ஏண்டா என்கிட்ட சொல்லல?"

"உனக்கு ரெண்டாவது ஆபரேஷன் பாக்கி இருக்கு. பிரஷர் ஏறினா தள்ளிப் போட்டுடுவாங்கன்னு நர்ஸ் சொன்னாங்க."

பக்கத்துக் கட்டிலில் டீச்சர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு, கேட்காத மாதிரி கேட்டுக்கொண்டிருந்தாள்.

தம்பி நோட்டை மூடினான். "நாளைக்கு மறுபடி போறேன். மயக்க மருந்து குடுத்து, வாயைத் திறந்து, பின்பல்லைப் பாத்தே ஆகணும்னு சொல்லப் போறேன். ஆனா மயக்கம் குடுத்தா இதுங்க சில சமயம் எழுந்திருக்காதாம். அதான் வந்தேன். உன் மூட்டை. நீதான் சொல்லணும்."

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். டாக்டர் ஒன்றுமில்லை என்கிறாள். இவன் இருக்கிறது என்கிறான். டாக்டர் படித்தவள். இவன், சொந்தக்காரர்கள் வாயில் அரைபடுகிற பல் செட்காரன். சரி என்று சொல்லி, மூட்டை கண் விழிக்காமல் போய்விட்டால், காலத்துக்கும் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாது. ஆனால் மடியில் அந்த நோட்டு கிடந்தது. ஒரு வேளைகூட விடுபடவில்லை, ஓர் அடித்தல் திருத்தல் இல்லை.

"பின்னால நின்னு ஒருத்தர் பாத்துச் சொல்லி நான் வண்டி எடுத்ததே இல்லடா, தெரியும்ல?" என்றாள். "இன்னிக்கு எனக்குப் பின்னால ஒண்ணுமே தெரியல. நீதான் நின்னு பாத்துக்கிட்டிருக்க. நீ வரட்டும்னா வரட்டும்."

அவன் எழுந்து ஸ்டூலை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனான்.

மறுநாள் பத்து மணிக்கு, கால்நடை மருத்துவமனைக்குக் கிளம்பிவிட்டதாகத் தம்பியிடமிருந்து ஒரு செய்தி வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. பதினொன்று ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று. உடற்பயிற்சி சொல்லிக் கொடுக்கிற பையன் வந்து காலை மடக்கச் சொன்னான். வழக்கமாகக் 'குய்யோ முறையோ' என்று கத்துகிறவள், மடக்கியதே தெரியாமல் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் அவள் மனதைத் திருப்ப, மூட்டையின் எடை எத்தனை சதவீதம் குறைந்திருக்கிறது என்று கணக்குப் போட்டாள். பன்னிரண்டே முக்கால் என்று வந்ததும் போட்டிருக்க வேண்டாமோ என்று நினைத்து, தாளை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டாள்.

ஒன்றரை மணிக்குத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. அவசரத்தில் பச்சைப் பொத்தானை மூன்று தரம் தேய்க்க வேண்டியிருந்தது.

"மூட்டையோட ஓனரா? நான் கால்நடை டாக்டர் பேசறேன்."

"எழுந்திருச்சுதா?"

"எழுந்திருச்சு. நல்லாருக்கு. உங்க தம்பி சட்டைக்குள்ள இருக்கு."

"எதுக்குள்ள?"

"மயக்கம் தெளியறப்ப சூடு வேணும், சூடு பண்ற விரிப்பு இருக்குன்னேன். உடம்புச் சூடு போதுமான்னு கேட்டாரு. போதும்னேன். பட்டனைக் கழட்டி உள்ள வச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு. சட்டை பாழாப் போச்சு, அதைப் பத்திக் கவலைப்படற மாதிரி தெரியல."

ரிவர்ஸ் அக்கா ஃபோனை இன்னொரு காதுக்கு மாற்றினாள்.

டாக்டரே தொடர்ந்தாள். "ஒண்ணு சொல்லணும்னுதான் நானே கூப்பிட்டேன். முதல் தடவை நான் கவனிக்காம அனுப்பிட்டேன். தப்பு என் மேல. வேற யாராவது இருந்தா வந்து சண்டை போட்டிருப்பாங்க. உங்க தம்பி ஒண்ணுமே பேசல. பைக்குள்ளேர்ந்து ஒரு தாடையை எடுத்து மேசை மேல வச்சாரு."

"தாடையா?"

"மெழுகுல செஞ்சிருக்காருங்க! ரோஸ் கலர்ல. கினிப்பன்றியோட கீழ்த்தாடை, பத்து மடங்கு பெருசா. ரெண்டு பக்கமும் கடவாய்ப் பல்லு உள்பக்கமா சாஞ்சு, நாக்கு மேல பாலம் போட்ட மாதிரி. 'அது மெல்லறதைப் பாத்தா உள்ள இப்படித்தான் இருக்கணும், பாருங்க'ன்னாரு. மயக்கம் குடுத்துத் திறந்து பாத்தேன். இடது பக்கம் ஒரு பல்லு மட்டும் அவர் செஞ்சதைவிடக் கொஞ்சம் குறைவா சாஞ்சிருந்துது. மத்ததெல்லாம் அப்படியே. பாக்காமலே செஞ்சிருக்காரு. சாஞ்ச பல்லையெல்லாம் ராவிச் சரி பண்ணிட்டேன். அந்தத் தாடையை நான் கேட்டு வாங்கி வச்சுக்கிட்டேன். என்கிட்ட படிக்க வர்றவங்களுக்குக் காட்டணும்."

ஃபோனை வைத்ததும் அவள் போர்வையை முகத்தில் மூடிக்கொண்டு ஒரு பாட்டம் அழுதாள். டீச்சர் பதறிப்போய், "போயிடுச்சா?" என்றாள்.

"போகல டீச்சர். என் தம்பி காப்பாத்திட்டான்." போர்வையை விலக்கினாள். கண்ணெல்லாம் சிவந்து, வாயெல்லாம் சிரிப்பு. நடந்ததை ஆதியோடந்தமாகச் சொன்னாள். கேட்டு எதிர்வரிசைக் கட்டில்காரர்களும் தலையைத் தூக்க, அவர்களுக்காக இன்னொரு தடவை சொன்னாள். ரத்த அழுத்தம் பார்க்க வந்த நர்ஸுக்கு மூன்றாவது தடவை சொன்னாள். அளவு எகிறியிருந்தது. "இதுக்கெல்லாம் மாத்திரை குடுக்காதீங்க சிஸ்டர், இது வேற பிரஷர்" என்றாள்.

"தம்பி என்ன டாக்டரா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"டாக்டருங்க அவன்கிட்டதாம்மா பல்லு வாங்கறாங்க" என்றாள் ரிவர்ஸ் அக்கா. "பல் செட் செய்யறவன்." இத்தனை வருடத்தில் அந்த வார்த்தையை அவள் இவ்வளவு நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னதில்லை.

அன்றிலிருந்து தினமும் மதியம் ஒரு எண் வந்தது. வேறு ஒரு எழுத்தும் இருக்காது. ஆயிரத்து இரண்டு. ஆயிரத்துப் பத்தொன்பது. ஒரு நாள் மூன்று கிராம் இறங்கி, மறுநாள் பதினாறு ஏறியது. கணக்கு டீச்சர் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் கோடு போட்டு அதை வரைந்துகொண்டே வந்தாள். இவளும் எண்ணைப் பார்ப்பாள், நெஞ்சு நிறையும், "சரி" என்று ஒரு வார்த்தை பதில் போடுவாள். புழுக்கையைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. இரண்டாவது அறுவை சிகிச்சை குறித்த நாளில் நடந்தது. டீச்சர் வீட்டுக்குப் போகிற அன்று கோடு ஆயிரத்துத் தொண்ணூறைத் தொட்டிருந்தது.

ஐந்தாவது வாரக் கடைசியில் ஊன்றுகோலோடு தம்பியின் மாடியறைக்கு ஏறினாள். பதினெட்டுப் படி. ஒவ்வொன்றுக்கும் பல்லைக் கடித்தாள். உள்ளே சுவரோரம் வரிசையாக ப்ளாஸ்டர் அச்சுகள், அரம், மெழுகுக் கத்தி. அவற்றுக்கு எதிரில், வெளிச்சம் விழுகிற இடத்தில் கூண்டு. வேலை மேசையை அவன் திருப்பிப் போட்டிருந்தான். நிமிர்ந்தால் நேராகக் கூண்டு தெரியும். மூட்டை புல் கட்டில் மூக்கை நுழைத்து, தாடையை முன்னும் பின்னும் இழுத்து, கரகரவென்று அரைத்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தை அவள் கொஞ்ச நேரம் நின்று கேட்டாள்.

"டேய்" என்றாள். "அன்னிக்கு ஃபோன்ல நான் பேசினது..."

"உக்காருக்கா. கால் வீங்கிடும்."

அவளை அவன் அதற்குமேல் பேச விடவில்லை.

பேசியது சித்தப்பாவிடம். நலம் விசாரிக்க அவள் வீட்டுக்கு வந்தவர், காலைப் பற்றிக் கேட்டு முடித்ததும் வழக்கம்போல, "உன் தம்பி இன்னும் ஊரான் வாய்க்குத்தான் பல்லு கட்டிக்கிட்டிருக்கானா?" என்று சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. "ஆமா சித்தப்பா. அவன் செஞ்ச தாடையை வச்சு ஒரு டாக்டரம்மா பாடம் நடத்துறாங்க. உங்க பிள்ளைங்க செஞ்சது எதையாவது வச்சு யாராவது பாடம் நடத்தினா சொல்லுங்க, நானும் போய்ப் பாக்கறேன்."

சித்தப்பா டீயை ஆற்றிக் குடித்துவிட்டுச் சீக்கிரம் கிளம்பிவிட்டார்.

மூட்டையின் பல் வளர்ந்துகொண்டேதான் இருக்கும், ஆறு வாரத்துக்கு ஒரு தடவை பார்த்து ராவிவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தாள். அடுத்த முறை இரண்டு பேரும் சேர்ந்தே போனார்கள். கூடத்தில் நாய்க்காரர்கள், பூனைக்காரர்கள். ஓரத்தில் ஒரு பெண், மடியில் ஒரு கூடையை அணைத்துக்கொண்டு கலங்கிய கண்ணோடு உட்கார்ந்திருந்தாள். கூடைக்குள் வெள்ளையும் பழுப்புமாக ஒரு கினிப்பன்றி. நான்கு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லையாம். அவளை உள்ளே கூப்பிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் கதவு மறுபடி திறந்தது. டாக்டரம்மா தலையை நீட்டி, கூடத்தைத் துழாவி, தம்பியைக் கண்டுபிடித்தாள்.

"சார், ஒரு நிமிஷம் உள்ள வர்றீங்களா? இது எப்படி மெல்லுதுன்னு நீங்க ஒரு தடவை பாத்துட்டீங்கன்னா நல்லாருக்கும்."

தம்பிக்குக் காது நுனி சிவந்துவிட்டது. அக்காவைப் பார்த்தான்.

"போடா, கூப்பிடறாங்கல்ல" என்றாள்.

மூட்டை இருந்த பெட்டியை அவள் மடியில் வைத்துவிட்டு, சட்டைக் கையை இரண்டு மடிப்பு மடித்துவிட்டுக்கொண்டு உள்ளே போனான். நாய்க்காரர் ஒருவர் அவள் பக்கம் சாய்ந்து, "யாருங்க அது, பெரிய டாக்டரா?" என்றார்.

அவள் காலை வசதியாக நீட்டிக்கொண்டாள். அவர்கள் முறை வர எப்படியும் அரை மணி நேரம் ஆகும். எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல அது போதும்.

"என் தம்பிங்க" என்று ஆரம்பித்தாள்.